தொண்ணூறாயிரம் ஓடிய வண்டியும் எனக்குக் கேட்காத சத்தமும்

தூரப் பயணத்துக்கென்று பழைய டூரிங் பைக் வாங்க நினைக்கிறவர்கள் நம் பட்டறை வாசலில் நின்று கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, இது தாங்குமா?" எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் நாம் சொல்கிறோம். அவர்கள் நம்புகிறார்கள். நம்பி, மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஏறுகிறார்கள்.

கோவில்பட்டியில் முப்பத்தெட்டு வருஷம் பட்டறை வைத்திருந்தேன். இப்போது மூடிவிட்டேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, பழைய வண்டியில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று நான் பட்டியல் போட வேண்டியதில்லை. அதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கிறது; சிலதை நீங்கள் என்னைவிட நன்றாகவே பார்க்கிறீர்கள். நான் சொல்ல வந்தது, எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தும் தப்பு செய்த ஒரு நாளைப் பற்றி. ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கதையை இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

கருப்பசாமி கழுகுமலைக்காரர். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பிரித்துக் காயில் கட்டித் தருகிறவர். அவர் மனைவி முத்துலட்சுமி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவர். இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. இருபது வருஷமாக ஒரு சின்ன வண்டியை வைத்துக்கொண்டு, திருச்செந்தூருக்கு அப்பால் போனதில்லை. அந்த வருஷம்தான் அவர்கள் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது.

"இனி எங்க முறை அண்ணாச்சி. பழசானாலும் பெரிய வண்டியா ஒண்ணு பாத்திருக்கேன். நீங்க சரின்னா வாங்கிருவேன்" என்றார் கருப்பசாமி.

"எங்க போறதா உத்தேசம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா வெட்கப்படாமல் சொன்னார். "ஆகும்பேன்னு ஒரு ஊராம் அண்ணாச்சி, கர்நாடகாவுல. மழை விடாமப் பெய்யுமாம். நம்ம பக்கம் வானத்தப் பாத்துப் பாத்தே கழுத்து வலிக்கி. ஒரு நாலு நாளு மழைக்குள்ளயே கிடந்து பாக்கணும்."

குறித்த நாளில் தூத்துக்குடியிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார் அதை விற்பவர். வேலை மாற்றலாகி வடக்கே போகிறவர். நல்ல மனிதர். கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொன்னார். தொண்ணூற்றிரண்டாயிரம் ஓடியிருந்தது. நான் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சூடான எஞ்சின் தன் கோளாறைக் காட்டாது; ஆறின பிறகு முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். அதனால் ஒரு மணி நேரம் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு மற்றதைப் பார்த்தேன்.

சீட்டைக் கழற்றினால் அடியில் உப்புக்காற்றுத் துரு. பெட்டி சுமந்து சுமந்து பின்பக்கச் சட்டத்தின் வெல்டிங் விட்டிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தேன். விடவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினேன். நடுவில் ஓர் இடத்தில் தட்டுப்பட்டது, பேரிங் போயிருந்தது. மாற்ற வேண்டும் என்றேன். விற்பவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். டயர் என்றைக்குச் செய்தது, சேஸிஸ் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, எல்லாம் பார்த்தேன். பக்கத்து டீக்கடையில் நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஆள் கூடினால் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வரும். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து எஞ்சினைத் தொட்டால் சூடு தணிந்திருந்தது. ஸ்டார்ட் செய்தேன். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. கருப்பசாமி யாரோ மோட்டார்க்காரரோடு போனில் பேசியபடி ரோட்டோரம் நின்றிருந்தார். முத்துலட்சுமிதான் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு சத்தம் கேக்குது. உள்ளேருந்து. எம் மெஷின்ல பாபின் கேஸ் லூசாயிட்டுன்னா இப்படித்தான் சலசலங்கும்" என்றார்.

நான் இரும்புக் கம்பியை எடுத்து எஞ்சின் மேல் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன். உறுமல் மட்டும்தான் கேட்டது.

"இப்ப நின்னுட்டு. முதல்ல கொஞ்ச நேரம் கேட்டுது" என்றார் அவர்.

விற்பவர் கடிகாரத்தைப் பார்த்தார். தூத்துக்குடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவருக்கு.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு நான்கு வருஷம் முன்பிருந்தே எனக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. முழுதாக இல்லை. லாரி ஹார்ன் கேட்கும், மனிதர்கள் பேசுவது கேட்கும், எஞ்சினின் அடித்தொண்டைச் சத்தம் எல்லாம் கேட்கும். மெல்லிய, கூரிய சத்தங்கள்தான் போய்விட்டிருந்தன. தெருவில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போவது எனக்குத் தெரியாது. சைலென்சரைக் கழற்றிவிட்டு எஞ்சினை முறுக்குவதும் சுத்தியல் அடியும் முப்பது வருஷத்துக்கு மேல் என்றால் காது என்ன செய்யும்? ஆனால் மெக்கானிக் காது கேட்காதவன் என்று தெரிந்தால் வண்டியை யார் கொண்டு வருவார்கள்? அந்தப் பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த அம்மா சத்தம் கேட்டது என்று சொன்னபோது நான் செய்திருக்க வேண்டியது சின்னக் காரியம். வண்டியை அணைத்து, இன்னொரு மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவரையே காட்டச் சொல்லியிருக்கலாம். விற்பவருக்கு ஒரு பஸ் போயிருக்கும். அவ்வளவுதான். நான் சொன்னதோ இது:

"பழைய வண்டின்னா ரெண்டு சத்தம் இருக்கத்தான் செய்யும்மா. இது உங்க தையல் மெஷின் இல்ல."

டீக்கடை ஆட்கள் சிரித்தார்கள். முத்துலட்சுமியும் கூடச் சிரித்துக்கொண்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். கருப்பசாமி போனை முடித்துவிட்டு வந்து, "என்ன அண்ணாச்சி, தாங்குமா?" என்று கேட்டார்.

"தாராளமா" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய பயணத்துக்கு முன்னால் ஒத்திகை பார்க்கலாம் என்று இரண்டு பேரும் கன்னியாகுமரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். கயத்தாறு தாண்டி, எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சினுக்குள் ஏதோ வெடித்த மாதிரி சத்தம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் ரோட்டோர மண்ணில் சாய்ந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் சுதாரித்து நிறுத்திவிட்டார். கருப்பசாமிக்கு முழங்கால் சிராய்ப்பு. முத்துலட்சுமிக்கு வலது கை மணிக்கட்டுக்கு மேல் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து கருப்பசாமி எனக்குப் போன் செய்தார். என்னை ஏசப்போகிறார் என்றுதான் நினைத்து எடுத்தேன்.

"அண்ணாச்சி, வண்டி பூட்டிக்கிட்டு. நான்தான் வெரசாப் போயிட்டேன். பழைய வண்டிய எம்பதுல வெரட்டலாமா? எல்லாம் எந்தப்புதான். அவ கை ஒடிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்று அழுதார்.

செவ்வாய்க்கிழமை வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி என் பட்டறைக்கு அனுப்பி வைத்தார். மறுநாள் பட்டறையில் நான் தனியாகத்தான் இருந்தேன். எஞ்சினைத் திறந்தேன். உள்ளே வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் அறுந்து, ஒரு துண்டு பல்சக்கரத்தில் சிக்கிக் கிடந்தது. செயின் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்து மழுங்கியிருந்தது. அது ஒரே நாளில் தேயாது. பல மாதமாகத் தொய்ந்து, ஆறிய எஞ்சின் கிளம்பும்போதெல்லாம் அந்தச் செயின் சலசலத்திருக்கும். எண்ணெய் மேலே ஏறியதும் இறுகி அடங்கியிருக்கும். முதல் சில நொடி மட்டும் கேட்கும் சத்தம். பாபின் கேஸ் லூசான மாதிரி.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

தப்பித்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும். "பழைய செயின், திடீர்னு அறுந்துட்டு, யாரால கண்டுபிடிக்க முடியும்?" இந்த ஒரு வாக்கியம் போதும். எந்த மெக்கானிக்கும் என்னை மறுத்துப் பேசமாட்டார். பாதிக்கப்பட்ட மனிதரே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் சும்மா இருந்தால் போதும். அன்றைக்கு முழுக்க அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அது பொய்யும் இல்லை என்று கூடத் தோன்றியது.

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னதும் அப்போதுதான்.

"எனக்குத் தெரியும். நாலு வருசமா நான் கத்தித்தான பேசுதேன். நீங்க ஒத்துக்கிடுவியன்னு பாத்தேன், ஒத்துக்கிடல" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்குச் சோத்துக் கையால்லா?" என்று கேட்டாள். தையல்காரிக்கு வலது கை என்றால் என்னவென்று அவள் கேட்டபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

அதற்கு மறுநாள் கழுகுமலைக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது முத்துலட்சுமி மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கருப்பசாமி பின்னால் நின்று அவர் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை. சிக்கை இழுக்கும்போதெல்லாம் அந்த அம்மா முகம் சுளித்தார். தைக்கக் கொடுத்தவர்களின் துணிகள் மூட்டையாகக் கட்டி மெஷின் மேல் இருந்தன.

"வாங்க அண்ணாச்சி. இவளோட அண்ணன் வந்து நேத்து என்னைய ஏசிட்டுப் போனாவ. இந்த வயசுல என்னலே டூருன்னு. சரியாத்தான் கேட்டாவ" என்றார் கருப்பசாமி.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு ஆரம்பித்துவிடும் என்று தெரியும்.

"கருப்பசாமி, எஞ்சினுக்குள்ள இருக்க செயின் அறுந்திருக்கு, அது நீங்க வெரசாப் போனதுனால இல்ல. அந்தச் செயின் நாப்பதுல போனாலும் அறுந்திருக்கும். வாங்குத அன்னைக்கே அது தேஞ்சுதான் கிடந்திருக்கு." பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "அன்னைக்கு நீங்க சொன்ன சத்தம் எனக்குக் கேக்கல தாயி. எனக்குக் காது சரியில்ல. கேக்கலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, உங்களக் கிண்டல் பண்ணிட்டேன்."

சீப்பு அப்படியே நின்றது. முத்துலட்சுமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப எனக்குக் கேட்டது நெசந்தானா அண்ணாச்சி?"

"நெசம்தான்."

"அதுக்குப் பெறவும் காலையில ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் எனக்குக் கேட்டுது. ஒவ்வொரு நாளும். நமக்கு என்ன தெரியும், அவியளே சொல்லிட்டாவளேன்னு வாயத் தெறக்கல. இவிய கிட்டயும் சொல்லல." அவர் குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது.

கருப்பசாமி சீப்பைக் கீழே வைத்தார். "நாலு நாளா நான் என்னையவே செருப்பால அடிச்சுக்கிட்டுக் கிடக்கேன் அண்ணாச்சி. நாலு நாளு!" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். வெளியே அவர் நடப்பது வாசல் வழியாகத் தெரிந்தது. கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"சரி. இப்ப என்ன செய்யப்போறிய?" என்று கேட்டார்.

எஞ்சினை நானே செய்து தருகிறேன் என்றேன். அதோடு, இனிமேல் என் காதை மட்டும் நம்பி ஒரு வண்டிக்கும் சரி சொல்லமாட்டேன் என்றேன். அவர் தலையசைத்தார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காபி மட்டும் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கூடிப்போயிருந்தது.

அந்த வாரமே காது பரிசோதனைக்குப் போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். முதலில் சில தடவை தூக்கினேன். அப்புறம் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே இருந்த பெண் பொத்தான்களை அழுத்திக்கொண்டே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் நிற்கவேயில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

எஞ்சினை முடிக்க இரண்டு மாதம் ஆனது. அவசரப்படவில்லை, முத்துலட்சுமிக்கும் மாவுக்கட்டு பிரிக்க வேண்டியிருந்தது. முடித்ததும் இரண்டு பேரையும் பட்டறைக்கு வரச்சொன்னேன். முந்தின நாள் மாலையிலிருந்து வண்டியைத் தொடாமல் வைத்திருந்தேன். முத்துலட்சுமி அருகில் வந்து குனிந்து நின்றார். கட்டு பிரித்த கை மெலிந்துபோயிருந்தது. ஸ்டார்ட் செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல அண்ணாச்சி. சுத்தமா இருக்கு" என்றார்.

மறுநாளும் வரச்சொன்னேன். அன்றைக்கும் கேட்டுவிட்டு அதையே சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். அடுத்த ஆடியில் அவர்கள் ஆகும்பே போய்விட்டு வந்தார்கள். போன காரியம் நன்றாக முடிந்தது, நான்கு நாளும் நனைந்தார்கள். ஆனால் முத்துலட்சுமியின் கை பழைய மாதிரி திரும்பவில்லை. இரண்டு மணி நேரம் தைத்தால் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களிடம் பாதிக் கதைதான் சொன்னவனாவேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வாங்குகிறவர்களுக்காக நான் பார்த்துச் சொன்ன ஒவ்வொரு பழைய வண்டிக்கும் சேஸிஸ் எண்ணையும் ஆளின் போன் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதைப் புரட்டினேன். காது மந்தமான அந்த நான்கு வருஷத்தில் நாற்பத்தோரு வண்டி. ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். "நான் பாத்துச் சொன்ன வண்டிய இன்னொரு தடவை கொண்டாங்க. அப்பவே எனக்குக் காது சரியில்ல. சில சத்தம் விட்டுப் போயிருக்கும்" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அப்ப எந்தத் தைரியத்துல வே நல்லா இருக்குன்னு சொன்னீரு?" என்று கேட்டார். அதையும் கேட்டுக்கொண்டேன். பல பேர் வண்டியைக் கொண்டு வந்தார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டேன். எனக்குப் போட்டியாளர் என்று பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர். நான் கேட்டதும் எந்தக் கேள்வியும் கேட்காமல் வந்தார். அவர் காதால் கேட்டுச் சொல்ல, நான் கையால் பார்த்தேன். இரண்டு வண்டிகளில் கோளாறு இருந்தது. ஒன்று இடைசெவல்காரருடையது. பின்சக்கர பேரிங் மெல்லிசாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வண்டியில்தான் அவர் தினமும் இரண்டு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்துகொண்டிருந்தார். கழற்றிய பேரிங்கைக் காட்டினேன். குண்டுகள் உடைந்திருந்தன. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை கூப்பிட்டிய அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் செய்தி ஊருக்குள் பரவத்தான் செய்தது. அந்த வருஷம் வண்டி பார்க்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: எனக்கு மெல்லிய சத்தம் கேட்காது, வண்டி ஆறினதும் நீங்களும் பக்கத்தில் நின்று கேளுங்கள், ஏதாவது தோன்றினால் எவ்வளவு சின்னதானாலும் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. நின்றவர்களும் உண்டு. நின்றவர்கள் சொன்னதை ஒரு தடவை கூட நான் தட்டிவிடவில்லை. பாதி தடவை அது ஒன்றுமில்லாத சத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தோம்.

நாற்பத்தொன்றில் நாற்பது வண்டிகளைப் பற்றி ஏதோ ஒரு பதில் கிடைத்தது. ஒன்றுக்குத்தான் கிடைக்கவில்லை. விளாத்திகுளம் மிளகாய் வியாபாரி ஒருவருக்குப் பார்த்துச் சொன்ன வண்டி. போன் செய்தபோது, அதை ஓசூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டதாகச் சொல்லி அவர் எண்ணையும் விலாசத்தையும் கொடுத்தார். அந்த எண் எப்போதும் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பேருந்தில் ஓசூருக்கே போய் விலாசத்தைத் தேடினேன். அந்த ஆள் வீடு மாறிப் போய்விட்டிருந்தார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு டீக்கடையில், "அந்தப் பெரிய வண்டியா? ஆமா, சம்சாரத்த வச்சுக்கிட்டுப் போவாரு" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த வண்டியில் கோளாறு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.